டேப் உப்பியிருக்கிறதா? பெயின்ட்டை நிறுத்துங்கள்

கேள்வி: எங்கள் பழைய வீட்டு மாடி ஹாலை ஜிப்சம் போர்டு வைத்துத் தடுத்தோம். இணைப்பில் ஒட்டிய காகித டேப் அங்கங்கே கொப்புளமாக உப்பியிருக்கிறது. அப்படியே பெயின்ட் அடித்துவிடலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: அவசரப்படாதீர்கள் ஆச்சி, பெயின்ட்டின் ஈரம் பட்டால் கொப்புளம் இன்னும் எழும்பும். விரலால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகக் கேட்டால் டேப்புக்கு அடியில் காம்பவுண்டு (இணைப்பில் பூசும் பட்டி போன்ற பசை) போதவில்லை, இல்லையென்றால் ஒட்டும் முன்பே காய்ந்துவிட்டது. சின்னக் கொப்புளத்தை பிளேடால் கீறி, உள்ளே காம்பவுண்டைத் திணித்து, பட்டித் தகட்டால் அழுத்திவிட்டால் போதும். நீளமாக உப்பியிருந்தால் நன்றாக ஒட்டியிருக்கும் இடம் வரை வெட்டியெடுத்து, புதுக் காம்பவுண்டு பூசி, அது ஈரமாக இருக்கும்போதே புது டேப்பை வைத்து இழுங்கள். இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் பிதுங்க வேண்டும், ஆனால் அடியில் இருப்பதை மொத்தமாக வழித்துவிடக் கூடாது, பலரும் தவறுவது இங்கேதான். 24 மணி நேரம் காயட்டும். அப்புறம் இன்னும் இரண்டு மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் முந்தையதைவிட அகலமாக. உப்புத்தாள், பிரைமர், பெயின்ட். பக்கத்துச் சுவர் அந்தக் காலத்து முட்டைச் சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால், அதில் உப்புத்தாள் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த வழவழப்பை மறுபடி கொண்டுவருவது லேசான காரியமில்லை.