மதிப்பெண் ஏறியது, எடை இறங்கவில்லை: திட்டம் தோல்வியா?

தோல்வி என்று அறிக்கையில் எழுதாதீர்கள். ரோஸ்ஹில் பள்ளியில் சத்துணவுப் பாடம் நடத்தியபின் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண் கூடியும் எடை அப்படியே இருக்கிறது என்கிறீர்கள். பாடம் தன் வேலையைச் செய்திருக்கிறது. எடையை வேறு பல கைகள் பிடித்திருக்கின்றன.

பெரும்பாலும் காரணம் பள்ளி வாசலுக்கு வெளியேதான். மணி அடித்ததும் போய் நில்லுங்கள்: ரொட்டிக்குள் சூடான காத்தோ பிமாந் (பருப்பும் மிளகாயும் சேர்த்துப் பொரித்த வடை), கையில் குளிர்பானம். கேன்டீனில் பொரித்ததை நிறுத்தினால் வாசலில் வியாபாரம் கூடும். இந்தச் சுற்றைத்தான் உங்கள் அளவுகோல் பார்க்கவில்லை.

ஒரு எண் நன்றாகி இன்னொன்று நன்றாகாமல் போவது நம் மொரிஷியஸிலேயே நடந்திருக்கிறது. சர்க்கரை, இதய நோய் போன்ற தொற்றா நோய்களின் தடுப்புத் திட்டத்தில் சமையல் எண்ணெயில் பாமாயிலுக்குப் பதில் சோயா வந்தது. 1987-இல் லிட்டருக்கு 5.5 மில்லிமோலாக இருந்த மக்களின் சராசரி இரத்தக் கொலஸ்ட்ரால் 1992-இல் 4.7 ஆனது. அதே காலத்தில் உடல் பருமன் கூடியது! ஒரே எண்ணைப் பார்த்திருந்தால் பாதிக் கதைதான் தெரிந்திருக்கும்.

சரி, இதைச் செய்து பாருங்கள்: பத்துப் பிள்ளைகள் ஒரு வாரம் எங்கே, யார் காசில், என்ன சாப்பிட்டார்கள் என்று குறித்து, எது எதைத் தூண்டுகிறது என அம்புக்குறி போட்டு வரையுங்கள். அப்புறம் வாசல் வியாபாரிகளிடமும் பேசுங்கள், அவர்களுக்கு நிறையத் தெரியும்.

ஒன்று மட்டும்: அந்தப் படம் சந்தேகத்தைக் காட்டுமே தவிர நிரூபிக்காது. பாடம் நடக்காத பள்ளி ஒன்றோடு ஒப்பிடுங்கள். வளரும் பிள்ளைகள் என்பதால் வெறும் கிலோவைப் பார்க்காமல் வயதுக்கேற்ற உடல் நிறை குறியீட்டை (உயரத்தோடு ஒப்பிட்ட எடை, BMI) பாருங்கள்.