பழைய ஜப்பானிய கபுக்கி நாடக நடிகர் படங்களில் எல்லா முகமும் ஒரே மாதிரி தெரிகிறதே, யார் யாரென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முகத்தை விட்டுவிடுங்கள். முதலில் நெற்றியைப் பாருங்கள், அப்புறம் உடையின் கைப்பகுதியை.

நானும் ஏமாந்தவன்தான். ஒரு பழைய புத்தகக் கடையில் மறுஅச்சுப் படம் ஒன்றை வாங்கி, யாரோ ஜப்பானிய அழகி என்று சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்த நண்பர் முன்னந்தலையில் இருந்த சின்ன ஊதாத் துணியைக் காட்டி, “இது ஆம்பளைப்பா” என்றார். 1629-இல் பெண்கள் மேடையேறத் தடை வந்தது. 1652-இல் பெண் வேடம் கட்டிய பையன்களுக்கும் தடை. அதன்பின் நடிக்க வேண்டுமென்றால் வளர்ந்த ஆண்களைப்போல முன்னந்தலையைச் சிரைத்துக்கொள்ள வேண்டும். சிரைத்த இடத்தை மறைக்க வந்ததுதான் அந்தத் துணி. பழைய அச்சுகளில் ஊதா வெளிறிச் சாம்பலாகக்கூடத் தெரியும், கவனம்.

உடையின் கையில் இருப்பது நடிகரின் குடும்பச் சின்னம். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரம் இருந்தால் இச்சிகாவா டான்ஜூரோ பரம்பரை. அரிசி அளக்கும் மரப்படிகளை அடுக்கி மேலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்த எடோ (இன்றைய டோக்கியோ) நகர ரசிகனுக்குப் பெயரைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

முகத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம் என்றால் அது ஷராகு என்ற ஓவியரின் படங்களில். 1794-இல் ட்சுதாயா ஜூசபுரோ என்ற பதிப்பாளர் வெளியிட்ட இவருடைய முதல் 28 படங்களின் பின்புலத்தில் காக்காப்பொன் தூள் மின்னும். அவற்றில் ஓதானி ஒனிஜி என்ற நடிகரின் படத்தை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத் தளத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். பணம் பறிக்க வந்த அடியாள் வேடம். உடைக்குள்ளிருந்து இரண்டு கைகளும் விரல்களை விரித்துக்கொண்டு வெளியே வருகின்றன. அவ்வளவு பெரிய முகத்துக்குப் பொம்மைக் கை! எனக்கு அந்தப் பொருந்தாமைதான் பிடிக்கும். சுமார் 10 மாதங்களில் 140-க்கு மேற்பட்ட படங்கள், அதோடு ஆள் காணாமல் போய்விட்டார். உள்ளதை உள்ளபடி வரையப்போய் எல்லை மீறிவிட்டார் என்கிறது ஒரு பழைய குறிப்பு. எனக்கும் அது சரியென்றே படுகிறது. தன் இளவரசியின் முகத்தில் நடுவயதுக்காரரின் தாடையைப் பார்க்க எந்த ரசிகன் காசு கொடுப்பான்?

குனியோஷி என்ற இன்னொரு ஓவியரின் சுவர்க்கிறுக்கல் படங்களையும் தேடிப் பாருங்கள். 1842-இல் அரசு நடிகர் படங்களுக்குத் தடை போட்டது. சில ஆண்டுகள் கழித்து இவர், சுண்ணாம்புச் சுவரில் சின்னப் பிள்ளைகள் ஆணியால் கீறினதுபோல நடிகர்களின் மூக்கும் மோவாயும் வரைந்து அச்சிட்டார். நடிகர் படமா என்று கேட்டால் வெறும் கிறுக்கல் என்று சொல்லிக்கொள்ளலாமே. அதில் ஒரு படத்தில் அவர்கள் நடுவே, தலையில் துண்டு போட்டுக்கொண்டு ஒரு பூனையும் ஆடுகிறது.