செக் என்ஜின் விளக்கு மின்னினால் ஓட்ட வேண்டாம்
பழைய பெட்ரோல் கார் வாங்கி ஒரு மாதத்தில் மேடு ஏறும்போது உதறுகிறது, செக் என்ஜின் விளக்கு மின்னுகிறது, ஸ்கேனரில் பி0302 என்ற கோளாறுக் குறியீடு வருகிறது என்கிறீர்கள். விளக்கு மின்னும்போது தயவுசெய்து ஓட்டாதீர்கள் நண்பரே. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அப்புறம் செலவு பல மடங்கு.

பி0302 என்பது 2ஆவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை, அவ்வளவுதான். காரணத்தை அது சொல்லாது. சிலிண்டருக்கு ஒரு காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) உள்ள என்ஜின் என்றால், ஆறிய பிறகு 2ஆவது காயிலையும் 3ஆவதையும் இடம் மாற்றி, குறியீட்டை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். பி0303 வந்தால் காயில்தான் போயிருக்கிறது. குறியீடு மாறவில்லையா? பிளக்கையும் அப்படியே மாற்றிப் பாருங்கள். பிளக் குழியில் எண்ணெய் நின்றால் வால்வு கவர் கேஸ்கட் (என்ஜின் மேல்மூடியின் அடைப்பு) கசிகிறது. இதெல்லாம் சரி என்றால் மெக்கானிக்கிடம் இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை புது காயில் எதுவும் வாங்க வேண்டாம்.