பரோலில் இருப்பவரை நம் வீட்டுப் பக்கம் மாற்றுவது எப்படி? கேள்வி பதில்

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் பரோல் அலுவலகத்தில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தேன். இங்கே பரோல் என்றால், தண்டனைக் காலம் முடியும் முன்பே கண்காணிப்போடு வெளியே விடுவது. அதில் பாதிக் காலம் மாநிலம் விட்டு மாநிலம் மாறக் கேட்கும் மனுக்கள்தான் என் மேசையில் இருந்தன. ஓய்வு பெற்ற பிறகு தமிழ்க் குடும்பங்கள் என்னைக் கூப்பிடத் தொடங்கின. பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல், கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஒரு தாய், எடிசன், நியூ ஜெர்சி): என் மகன் டெக்சாஸ் சிறையில் இருக்கிறான். பரோல் கொடுத்துவிட்டார்கள். அங்கே அவனுக்கு யாரும் இல்லை. எங்களோடு வந்து இருக்க முடியுமா? நான் யாருக்குக் கடிதம் எழுத வேண்டும்?

முடியும் அம்மா. ஆனால் கேட்க வேண்டியவர் நீங்கள் இல்லை, உங்கள் மகன். நியூ ஜெர்சி அலுவலகத்துக்கு நீங்கள் எத்தனை கடிதம் எழுதினாலும் ஃபைல் திறக்காது. சிறைக்குள் இருக்கும் பரோல் ஆஃபிசரிடம் அல்லது கேஸ் மேனேஜரிடம் அவன் "இன்டர்ஸ்டேட் காம்பாக்ட் வழியாக மாற விரும்புகிறேன்" என்று சொல்ல வேண்டும். இந்த வார்த்தையையே சொல்லச் சொல்லுங்கள்.

அது மாநிலங்களுக்கு இடையேயான ஓர் ஒப்பந்தம். 1937-இல் தொடங்கியது, இப்போதைய வடிவம் 2002-இல் நடைமுறைக்கு வந்தது. ஐம்பது மாநிலங்களும் அதில் இருக்கின்றன. மனுவை டெக்சாஸ் அனுப்பும். நியூ ஜெர்சி உங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துப் பதில் சொல்லும்.

பார்ப்பது இவ்வளவுதான். கண்காணிப்புக் காலம் இன்னும் 90 நாளுக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். பரோலை ரத்து செய்யும் அளவுக்கு நிபந்தனை எதையும் அவன் மீறியிருக்கக் கூடாது. நீங்கள் நியூ ஜெர்சியில் 180 நாளாவது வசித்திருக்க வேண்டும். உதவ மனமும் வசதியும் இருக்கிறது என்று நீங்களே சொல்ல வேண்டும். அவனுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பாவது, வாழ்க்கைச் செலவுக்கு ஒரு வழியாவது இருக்க வேண்டும். இத்தனையும் இருந்தால் நியூ ஜெர்சி ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஏற்றுக்கொள்வது நியூ ஜெர்சியின் கடமை என்றாலும், அனுப்புவது டெக்சாஸின் விருப்பம். "என்னை அனுப்பித்தான் ஆக வேண்டும்" என்று உங்கள் மகன் உரிமை கேட்க முடியாது. அதனால் அங்கே இருக்கும் ஆஃபிசரோடு அவன் சண்டை போட வேண்டாம்.

விடுதலைத் தேதிக்கு 120 நாள் முன்பிருந்தே மனு அனுப்பலாம். முழுமையான மனு கைக்கு வந்த பிறகு பதில் சொல்ல நியூ ஜெர்சிக்கு 45 நாள் அவகாசம். விடுதலைக்குப் பத்து நாள் இருக்கும்போது என்னைக் கூப்பிடும் குடும்பங்களே அதிகம். அந்த 45 நாளும் பிள்ளை தெரியாத ஊரில், ஒரு விடுதியில் காத்திருக்க வேண்டியதாகிவிடுகிறது. சிறையிலிருந்து வந்த முதல் மாதம்தான் மிகக் கடினமானது. அந்த மாதத்தில்தான் அவன் பக்கத்தில் ஆள் வேண்டும். இன்றே சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி (சார்லட், வட கரோலைனா): அக்கா, என் தம்பிக்கு அப்பா அம்மா இல்லை. ஒஹாயோவில் பரோலில் இருக்கிறான். இங்கே நாங்கள் அண்ணன் தம்பி மூன்று பேர் இருக்கிறோம். இங்கே மாறக் கேட்ட மனுவை "உறவு சரியில்லை" என்று திருப்பிவிட்டார்கள். எப்படி?

நீங்கள் மூவரும் அவனுக்குப் பெரியப்பா மகன்கள், இல்லையா? நம் வீடுகளில் பெரியப்பா மகனும் அண்ணன்தான். அதில் எந்தப் பொய்யும் இல்லை. ஆனால் ஒப்பந்த விதி உடன்பிறப்பு என்று சொல்வது கூடப்பிறந்தவரை மட்டும்தான். மனுவில் "பிரதர்" என்று எழுதி, சான்றிதழ்களில் அப்பா பெயர் வேறாக இருந்தால், விசாரிக்கிறவர் கண்ணுக்கு அது பொய்யாகத்தான் தெரியும். இப்படிக் கெட்டுப்போன மனுக்களை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் இதை விளக்கிச் சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன்.

விதியில் வருகிற உறவுகள் இவை: அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, அவர்களோடு அப்பாவின் அல்லது அம்மாவின் உடன்பிறந்தவர்கள், வயது வந்த பிள்ளைகள், வயது வந்த உடன்பிறப்புகள், கணவன் அல்லது மனைவி, சட்டப்படியான காப்பாளர், மாற்றாந்தாய் அல்லது மாற்றாந்தந்தை. பெரியப்பாவின் பிள்ளைகளும் சித்தியின் பிள்ளைகளும் அதில் இல்லை. மைத்துனர் இல்லை. கல்யாணம் நிச்சயமான பெண்ணும் இல்லை.

"மாமா" என்ற சொல்லிலும் கவனமாக இருங்கள். அம்மாவின் தம்பி என்றால் விதிக்குள் வருவார். மனைவியின் அப்பா என்றால் வரமாட்டார். அத்தைக்கும் இதே கதைதான். அதனால் படிவத்தில் உறவின் பெயரோடு நிறுத்தாமல் "அம்மாவின் கூடப்பிறந்த தம்பி" என்று விரித்து எழுதுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பா, அதாவது அவனுடைய பெரியப்பா, வட கரோலைனாவில் இருக்கிறாரா? இருந்தால் அவர் பெயரில் கேளுங்கள். அவர் இல்லை என்றாலும் கதவு மூடிவிடவில்லை. "விருப்ப மாற்றம்" என்று ஒரு வழி உண்டு. தகுதி முழுதாக இல்லாவிட்டாலும், இந்த இடமாற்றம் அவனை ஏன் நல்வழியில் வைக்கும் என்று ஒஹாயோ காரணம் எழுதி அனுப்பலாம். அதை ஏற்பதும் மறுப்பதும் வட கரோலைனாவின் விருப்பம். அங்கேதான் உங்கள் கடிதங்கள் உதவும். மூன்று பேரும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே கடிதத்தில் மூன்று கையெழுத்து போட வேண்டாம். யார் தங்க இடம் கொடுப்பது, யார் வேலைக்குக் கொண்டுபோய் விடுவது, யார் முதல் மாதச் செலவைப் பார்ப்பது என்று பிரித்துச் சொல்லுங்கள்.

கேள்வி (அட்லாண்டா): என் கணவர் பக்கத்து மாநிலத்தில் பரோலில் இருக்கிறார். நானும் பிள்ளைகளும் ஜார்ஜியாவுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. என் மாமியார் சென்னையிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார், அவரை வைத்துக் கேட்கலாமா?

விசிட்டர் விசாவில் வந்தவரை ஜார்ஜியாவில் வசிப்பவராகக் காட்டுவது கடினம், அதை நம்பிக் காலத்தை வீணாக்காதீர்கள். உங்கள் 180 நாள் நிறைய இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம், மின்சார பில், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, ஜார்ஜியா டிரைவிங் லைசென்ஸ் எல்லாவற்றையும் தேதியோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். 180 நாள் முடிந்ததும் கேளுங்கள். அதுவரை நீங்கள் அங்கே போய்ப் பார்த்து வர எந்தத் தடையும் இல்லை.

கேள்வி (அதே சகோதரி): அவர் வார இறுதியில் இங்கே வந்து போகலாமா? பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

எழுத்தில் பயண அனுமதி இல்லாமல் வரவே கூடாது. பிள்ளையின் பிறந்தநாள் என்று ஒரே ஒரு நாள் எல்லை தாண்டினாலும் அது நிபந்தனை மீறல். அப்புறம் பரோலுக்கே ஆபத்து. இடமாற்ற மனுவும் அங்கேயே விழுந்துவிடும். மனு போடும்போது, திரும்ப அழைத்தால் எதிர்ப்பில்லாமல் வருவேன் என்றும் அவர் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அவருடைய ஆஃபிசரிடம் பயண அனுமதிச் சீட்டு கேட்கச் சொல்லுங்கள். சில நேரம் தருவார்கள். பிள்ளைகளிடம் "அப்பா அனுமதி வாங்கிக்கொண்டு வருவார்" என்றே சொல்லலாம்.

கேள்வி (ஃப்ரிமாண்ட், கலிஃபோர்னியா): மாநிலம் மாறவில்லை. என் அண்ணனை ஃப்ரெஸ்னோவிலிருந்து எங்கள் கவுண்டிக்கு (மாவட்டத்துக்கு) மாற்ற வேண்டும். இதே ஒப்பந்தமா?

இல்லை, ஒரே மாநிலத்துக்குள் என்றால் ஒப்பந்தத்துக்கு வேலையில்லை. கலிஃபோர்னியாவில் பொதுவாகக் கடைசியாகச் சட்டப்படி வசித்த கவுண்டிக்குத்தான் அனுப்புவார்கள். குடும்பம், வேலை போன்ற காரணம் காட்டி வேறு கவுண்டிக்குக் கேட்கலாம். அதையும் அவருடைய பரோல் ஏஜென்டிடம்தான் கேட்க வேண்டும். வன்முறைக் குற்றமாக இருந்து, பாதிக்கப்பட்டவர் கேட்டிருந்தால், அவர் வீட்டிலிருந்து 35 மைலுக்குள் வைக்கமாட்டார்கள். அப்படி எதுவும் உண்டா என்று முதலில் விசாரித்துவிடுங்கள்.

கேள்வி (டாலஸ்): இரண்டாவது முறை குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் வேறு மாநிலத்தில் இருக்கும் என் மகனுக்கு இரண்டு வருட ப்ரொபேஷன் (சிறைக்குப் பதிலாகக் கண்காணிப்பு). சிறிய குற்றம்தானே, அவனே எங்களிடம் வந்துவிடலாமா?

வரக்கூடாது. சிறிய குற்றங்கள் பல இந்த ஒப்பந்தத்தில் வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு வருடமோ அதற்கு மேலோ கண்காணிப்பு இருந்து, இரண்டாவது முறை குடித்து ஓட்டிய தண்டனையாக இருந்தால் வரும். முதலில் மனு, பிறகுதான் பயணம்.

கேள்வி (பெயர் வேண்டாம்): என் தங்கை மகன் கிரீன் கார்டில் இருக்கிறான். பரோலைச் சென்னைக்கே மாற்றிவிட முடியுமா? அங்கே பாட்டி இருக்கிறார்.

முடியாது. ஒப்பந்தம் அமெரிக்க மாநிலங்களோடும் ஆட்சிப்பகுதிகளோடும் நின்றுவிடும். அதைவிட முக்கியமான விஷயம், அவனுடைய தண்டனை குடியேற்ற நிலையைப் பாதிக்குமா என்பது. கிரீன் கார்டு இருந்தாலும் சில குற்றங்களுக்கு நாடு கடத்த முடியும். சிறையிலிருந்து வெளியே வரும் நாளிலேயே குடியேற்ற அதிகாரிகள் பொறுப்பில் எடுத்துக்கொள்வதும் உண்டு. இடமாற்ற மனுவுக்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். கிரிமினல் வழக்கறிஞர் மட்டும் போதாது. குடியேற்றச் சட்டத்திலும் "பரோல்" என்று ஒரு சொல் உண்டு, அது முற்றிலும் வேறு. இணையத்தில் தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (சிகாகோ): இல்லினாய்ஸுக்கு வந்துவிட்டால் பழைய மாநிலத்தின் தொல்லை விட்டதா? நஷ்ட ஈடு இன்னும் பாக்கி இருக்கிறது.

விடாது தம்பி. எத்தனை காலம் கண்காணிப்பு என்பதை அனுப்பிய மாநிலம்தான் முடிவு செய்யும். தினசரிக் கண்காணிப்பை இல்லினாய்ஸ் தன் ஆட்களை நடத்துவதுபோலவே நடத்தும். நஷ்ட ஈட்டை வசூலிப்பது அனுப்பிய மாநிலத்தின் பொறுப்பு, அங்கேயே கட்டுங்கள். கட்டிய ரசீதை இங்குள்ள ஆஃபிசருக்கும் காட்டுங்கள்.

கேள்வி (எடிசன் தாய், மறுபடியும்): மனு அனுப்பிவிட்டார்கள்! வியாழக்கிழமை வீட்டைப் பார்க்க வருகிறார்களாம். என் கணவருக்கு ஒரே பயம். அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்கிறார். நாங்கள் என்ன சொல்ல வேண்டும்?

சந்தோஷம் அம்மா. உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த ஒரு நாள் அதை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் ஆஃபிசர் மணி அடித்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்றதால் அந்த அப்பா "அப்படி யாரும் இங்கே வரப்போவதில்லை" என்று சொல்லிவிட்டார். ஆஃபிசர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். மனு நிராகரிக்கப்பட்டது. திருத்திய திட்டத்தோடு மறுபடி கேட்கலாம், அவர்களும் கேட்டார்கள். ஆனால் அந்தப் பையன் தீபாவளியை வேறு மாநிலத்தில் தனியாகக் கழித்தான். அந்த அப்பா என்னிடம் போனில் அழுததை மறக்க முடியவில்லை.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். வீட்டில் துப்பாக்கி இருந்தால், அது யாருடையதாக இருந்தாலும், இப்போதே வெளியேற்றிவிடுங்கள். உங்கள் சம்பளச் சீட்டோ ஓய்வூதியக் கடிதமோ தயாராக இருக்கட்டும். வேலைக்கு யாராவது வாக்குக் கொடுத்திருந்தால் அவருடைய போன் நம்பரை எடுத்து வையுங்கள். ஆஃபிசரின் எந்தப் போன் அழைப்பையும் தவறவிடாதீர்கள். தெரியாத நம்பர் என்று விட்டுவிடும் பழக்கத்தை ஒரு மாதம் நிறுத்துங்கள்.

கணவரும் கூடவே இருக்க வேண்டும். அவரே வாயைத் திறந்து "என் மகன், எங்களோடு இருப்பான், நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று சொன்னால் நல்லது. ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை. பிறகு அவன் தூங்கப்போகும் அறை எது என்று கேட்பார்கள். பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தால் புதன்கிழமைக்குள் எடுத்துவிட்டு, கட்டிலில் விரிப்பு போட்டு வையுங்கள்.