மஞ்சள் வெளிறினால் சத்துப் போய்விட்டதா?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் 40 ஊர்க்கோழி வளர்க்கிறேன். முட்டையைக் கழுவித் துடைத்து, ‘ஊர்க்கோழி முட்டை, சத்துக் கூடியது’ என்று சீட்டு ஒட்டிக் கடைக்குக் கொடுக்கிறேன். ஆடி பிறந்ததிலிருந்து மஞ்சள் கரு வெளிறிவிட்டது, வெள்ளைக் கரு தண்ணியாக ஓடுகிறது என்று கடைக்காரர் திருப்பித் தருகிறார். தீனியில் பிழையா?

பதில்: தங்கச்சி, தீனியில் பாதிப் பிழைதான். மஞ்சள் வெளிறினது தீனியால். வெள்ளை தண்ணியானது வெக்கையாலும், முட்டை கிடந்த நாளாலும்.

மஞ்சளுக்கு நிறம் தருவது சோளமும் பச்சை இலையும். சோளகக் காற்று வீசத் தொடங்கினால் வளவில் புல் கருகிவிடும். கோழி குறுணலும் தவிடும்தான் கொத்தும், கரு வெளிறும். முருங்கை, அகத்திக் குழையைக் கோழிக்கு எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு கிழமையில் நிறம் திரும்பும். நிறம் போனதால் புரதம் குறையவில்லை.

ஆனால் அந்தச் சீட்டு எனக்குப் பிடிக்கவில்லை. பாம் (பண்ணை) முட்டை 60 கிராம் என்றால் உங்களுடையது 45 கிராம்கூட வராது. ஒன்றுக்கு ஒன்று வைத்துப் பார்த்தால் புரதம் பாம் முட்டையில்தான் கூட. ஓடு பழுப்போ வெள்ளையோ, அது இனத்தைப் பொறுத்தது, சத்தை அல்ல. ஊர்க்கோழி முட்டையை ருசிக்காக வாங்குகிற சனம் எப்படியும் வாங்கும்.

இப்போது வெள்ளைக் கரு. இன்று காலை இட்ட முட்டை ஒன்றையும், கடையிலிருந்து திரும்பி வந்த ஒன்றையும் ஒரே தட்டில் உடைத்து ஊற்றுங்கள். புதியதில் மஞ்சள் உருண்டு நிற்கும், அதைச் சுற்றி வெள்ளை கூழ் போலத் திரண்டிருக்கும். பழையதில் மஞ்சள் தட்டையாகிவிடும், வெள்ளை தட்டு விளிம்புவரை ஓடும். ஓட்டில் ஆயிரக்கணக்கில் நுண்துளைகள் உண்டு. உள்ளே இருக்கும் கரியமில வாயு அவற்றால் வெளியேற, வெள்ளையில் காரத்தன்மை ஏறி, திரட்சி குலைந்துவிடும். தகரக் கூரைக்குக் கீழே ஒரு நாள் கிடப்பதும் பிரிட்ஜில் பல நாள் கிடப்பதும் ஒன்று. ஈரமும் துளைகளால் போவதால் மொட்டைப் பக்கத்துக் காற்றறை பெருக்கும். இருட்டில் டோர்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். பழைய முட்டை தண்ணீரில் மிதப்பதும் அதனால்தான். இதிலும் புரதம் எங்கும் போகவில்லை. புல்ஸ்ஐ போட்டால் பரவும், வேறொன்றுமில்லை.

கழுவுவதை மட்டும் இன்றைக்கே விடுங்கள். இடும்போதே ஓட்டின் மேல் ஒரு மெல்லிய பூச்சு வரும், அதுதான் துளைகளை அடைத்துக் காப்பது. பச்சைத் தண்ணீரில் கழுவினால் பூச்சும் போய், கிருமியும் உள்ளே இழுபடும். அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். கூட்டில் வைக்கோலை அடிக்கடி மாற்றினால் அதற்கும் வேலை இருக்காது.

அப்புறம், சேவல் நிற்கிறதா? கரு கட்டிய முட்டை இந்த வெக்கையில் அடை வைக்காமலே வளரத் தொடங்கும். உடைத்தால் இரத்தக் கோடு தெரியும், வாங்கினவர் மறுபடி வரமாட்டார். விற்கும் முட்டைக்குச் சேவல் தேவையில்லை, பிரித்துக் கட்டுங்கள். காலை, பின்னேரம் இரண்டு தரம் முட்டை எடுங்கள். ஈர மணலில் பதித்த மண்பானைக்குள், கூர்ப்பக்கம் கீழாக அடுக்கி, நிழலில் வையுங்கள்.

சீட்டில் ‘சத்துக் கூடியது’ என்பதை எடுத்துவிட்டு, இட்ட திகதியைப் போடுங்கள். ஒரு கிழமைக்குள் விற்காததைத் திருப்பி எடுப்பதாகக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். முட்டைத் தட்டை வெயில் படும் முன்பக்க மேசையில் வைக்காமல் உள்ளே வைக்கவும் சொல்லுங்கள்.