பேரறிஞரும் கா. ந. அண்ணாதுரையும்

அன்புள்ள ஐயா,

தமிழ் விக்கிப்பீடியாவில் அண்ணாவைப் பற்றிய கட்டுரைக்கு 'கா. ந. அண்ணாதுரை' என்று தலைப்பு வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் யார் அவரை அப்படிச் சொல்கிறார்கள்? 'பேரறிஞர் அண்ணா' என்று மாற்றினேன். சில மணி நேரத்தில் பழையபடி ஆக்கிவிட்டார்கள். மறுபடி மாற்றினேன், மறுபடியும் அதே கதை. இது அவமரியாதை இல்லையா? இன்னொரு விஷயம். எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வின் உதவியாளர் எனக்குப் பழக்கம். எம்.எல்.ஏ.வைப் பற்றிய கட்டுரையைக் கொஞ்சம் 'சரிசெய்து' தரச் சொல்கிறார். செய்யலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவர் எந்தப் பெயரில் பரவலாக அறியப்படுகிறாரோ அதையே தலைப்பாக்க வேண்டும் என்பது விக்கிப்பீடியாவின் சொந்த விதி. ஆங்கிலத்தில் அதற்கு அவர்கள் காட்டும் உதாரணங்களில் ஒருவர் பில் கிளிண்டன். வில்லியம் ஜெபர்சன் கிளிண்டன் என்று தலைப்பு வைக்கக் கூடாது என்கிறார்கள். காந்தி கட்டுரைக்கு ஆங்கிலத்திலும் 'மகாத்மா காந்தி' என்றுதான் தலைப்பு. உலகம் முழுக்கப் புத்தகங்களில் அப்படி ஊன்றிவிட்டது.

ஆனாலும் என்னைக் கேட்டால் இப்போதிருக்கும் தலைப்பே இருக்கட்டும் என்பேன். 'பேரறிஞர்' அன்பில் வந்த பட்டம். அதை உள்ளே விட்டால் மூதறிஞர், பெருந்தலைவர், கலைஞர், புரட்சித் தலைவர், புரட்சித் தலைவி எல்லோருக்கும் கதவைத் திறக்க வேண்டும். அப்புறம் தலைப்புப் பட்டியல் மாநாட்டுச் சுவரொட்டி மாதிரி ஆகிவிடும். வெறும் 'அண்ணா' என்று வைக்கலாமே என்றால், பல்கலைக்கழகம், சாலை, நகர், அண்ணா அசாரே என்று ஒரு கூட்டமே அந்தப் பெயருக்கு வரிசையில் நிற்கிறது. மரியாதைக்கும் குறைவில்லை. 'பிறந்தார், எழுதினார்' என்று எழுதும்போதே அது வந்துவிடுகிறது. பட்டத்தைக் கட்டுரையின் முதல் பத்தியில் சொல்லலாம், சொல்ல வேண்டும். தேடுகிறவர்களுக்கு வழிமாற்று என்ற வசதி உண்டு. 'பேரறிஞர் அண்ணா' என்று தட்டினாலும் இதே கட்டுரையில் வந்து நிற்கும்படி செய்யலாம். ஆகவே தலைப்பால் யாரும் வழி தவறிப் போகப் போவதில்லை. அதற்கு மேலும் வாதாட விருப்பம் இருந்தால், கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென்றே அதோடு இருக்கும் பேச்சுப் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். மாற்றுவதும் மீள்விப்பதுமாகப் போனால் கணக்கை முடக்கிவிடுவார்கள். நீங்கள் செய்ததெல்லாம் 'வரலாறு' பகுதியில் நேரத்தோடு பதிவாகியும் இருக்கும்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். தலைப்புக்கு இரண்டு முறை சண்டை போட்ட நீங்கள், கட்டுரைக்குள் ஒரு வரியையாவது சரிபார்த்தீர்களா?

அண்ணா 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்தார். இறுதி ஊர்வலத்துக்கு ஒன்றரைக் கோடிப் பேர் வந்தார்கள், கின்னஸ் புத்தகத்திலேயே இருக்கிறது என்று நாம் எல்லோரும் காலங்காலமாகக் கேட்டு வருகிறோம். 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 4 கோடியே 12 லட்சம். கைக்குழந்தை, நிறைமாத கர்ப்பிணி, படுத்த படுக்கையான கிழவர் எல்லோரையும் சேர்த்து மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் சென்னையில் திரண்டிருக்க வேண்டும். அன்றைய ரயில்களையும் பஸ்களையும் நினைத்துப் பாருங்கள். கூட்டம் மிகப் பெரியது என்பதில் சந்தேகமே இல்லை, ரயில் கூரைமேல் ஏறியெல்லாம் வந்தார்கள். ஆனால் ஒரு கலைக்களஞ்சியத்தில் 'ஒன்றரைக் கோடிப் பேர் வந்தனர்' என்று மொட்டையாக எழுத முடியாது. கின்னஸின் எந்த ஆண்டுப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று காட்டி, அது சொன்னதாக எழுத வேண்டும். கூடவே மறுநாள் செய்தித்தாள்கள் என்ன எண்ணிக்கை போட்டன என்றும் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

இன்னொரு இடம். 1967 தேர்தலில் வென்று அண்ணா முதல்வரானார் என்று அவசரமாக எழுதிவிட்டுப் போகிறோம். அந்தத் தேர்தலில் அவர் சட்டமன்றத்துக்கு நிற்கவே இல்லை. தென் சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் நின்று வென்றார். கழகத்துக்குப் பெரும்பான்மை கிடைத்ததும் மார்ச் 6 அன்று முதல்வராகப் பதவியேற்றார். பிறகு எம்.பி. பதவியை விட்டுவிட்டு, அப்போது மாநிலத்தில் இருந்த சட்ட மேலவையில் உறுப்பினரானார். அவர் விட்ட இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் முரசொலி மாறன் ஜெயித்தார். கட்டுரையின் ஓரத்துத் தகவற்பெட்டியில் 'தொகுதி' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பும்போது இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, உதவியாளர் விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாம். அமெரிக்காவில் மார்ட்டி மீஹன் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் இதைத்தான் செய்தார்கள். 2005இல் அவரைப் பற்றிய கட்டுரையை எடுத்துவிட்டு, தாங்களே எழுதிய வாழ்க்கைக் குறிப்பை ஒட்டினார்கள். நான்கு முறைக்கு மேல் பதவியில் இருக்க மாட்டேன் என்று அவர் கொடுத்திருந்த வாக்குறுதி அதில் காணாமல் போயிருந்தது. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று 2006 தொடக்கத்தில் அதைக் கண்டுபிடித்துப் போட்டது. நாடாளுமன்றக் கணினிகளிலிருந்து நடந்த வேறு பல திருத்தங்களும் பின்னாலேயே வெளியே வந்தன. அந்த ஊழியர்களின் கைவேலையைப் பற்றியே ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு தனிக் கட்டுரை இருக்கிறது! மறைக்கப் போன வாக்குறுதி அதுவரை தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

எம்.எல்.ஏ.வின் கட்டுரையில் உண்மையிலேயே தவறு இருந்தால் வழி இருக்கிறது. உயிரோடு இருப்பவர்களைப் பற்றி ஆதாரமில்லாமல் பாதகமாக எழுதியதை விக்கிப்பீடியாவே தயங்காமல் நீக்கும். அந்த உதவியாளரையே பேச்சுப் பக்கத்துக்குப் போய், தான் யார் என்று சொல்லி, எந்த வரி தவறு, ஆதாரம் எது என்று எழுதச் சொல்லுங்கள். படிப்பு, வயது, சொத்து பற்றி என்றால் வேட்புமனுவோடு கொடுத்த பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் இருக்கும், அதையே காட்டலாம். வழக்கு விவரங்களும் அதே பத்திரத்தில்தான் இருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.