எட்டுப் பேருக்குச் சதவீதமா? சிறப்புப் பள்ளி பற்றிக் கேள்வி பதில்

இருபது வருடம் அரசு சிறப்புப் பள்ளிகளில் சிறப்பாசிரியராக இருந்தவள் நான். சேர்க்கை, தேர்ச்சி, மதிப்பீடு பற்றிக் கேளுங்கள். மருந்தும் வழக்கும் வேண்டாம்.

ஓர் அம்மா: டீச்சர், மகளைச் சேர்க்க நினைக்கும் சின்னப் பள்ளியில் போன வருடம் 50 சதவீதம் தேர்ச்சி. இந்த வருடம் 25. பாதியாகிவிட்டதே?

எத்தனை பேர் எழுதினார்கள்? எட்டுப் பேர் என்றால் ஒரு பிள்ளைக்கு 12.5 சதவீதம். நான்கு பேர் தேறிய இடத்தில் இரண்டு பேர் தேறியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒருவனுக்கு அன்று காலை வலிப்பு வந்திருக்கலாம். பழகிய ஆசிரியர் இல்லையென்று இன்னொருத்தி பென்சிலைத் தொடாமலே உட்கார்ந்திருக்கலாம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நன்றாகத் தேறிய இரண்டு பேர் பொதுப் பள்ளிக்கு மாறிப் போகிறார்கள். சிறப்புப் பள்ளிக்கு அதுவே பெரிய வெற்றி. அந்த இடத்துக்குப் பேச்சே வராத இரண்டு பேர் வருகிறார்கள். வேலையை ஒழுங்காகச் செய்ததாலேயே பள்ளியின் எண் விழுகிறது! நீங்கள் சொல்லும் பள்ளியில் இதுதான் நடந்தது என்று சொல்ல மாட்டேன். நேரில் போய், "போன வருடம் இருந்த பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள்?" என்று கேளுங்கள். பெயர் சொல்லாமலே ஒவ்வொரு பிள்ளையாக விவரிக்கத் தெரிந்த தலைமையாசிரியரை நம்பலாம்.

கணக்கு வாத்தியார்: ஐந்து வருடச் சராசரி எடுத்தால்?

கொஞ்சம் உதவும். எட்டுப் பேர் நாற்பது பேரானால் ஏற்ற இறக்கம் பாதிக்கும் சற்றுக் கீழே வரும். ஆனால் அதே எட்டுப் பேர்தான் ஐந்து வருடமும் எழுதினார்கள் என்றால், உங்களிடம் இருப்பது எட்டுப் பேர்தான் வாத்தியாரே.

ஒரு தாத்தா: பேரன் பள்ளியின் பட்டியலில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருக்கிறது. எதையோ மறைக்கிறார்களா?

ஆமாம், பிள்ளைகளின் அந்தரங்கத்தை. மூன்று பேர் எழுதி "தேர்ச்சி 0" என்று போட்டால் மூன்று பேர் முடிவும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மிகச் சிறிய குழு என்றால் பல கல்வித் துறைகள் எண்ணை வெளியிடாததற்குக் காரணம் இதுதான்.

ஓர் அப்பா: மகனுக்குத் தேர்வே கிடையாது. ஐ.இ.பி.யில் (அவனுக்கென்று தனியாக எழுதும் கல்வித் திட்டத்தில்) "தொடர்புத்திறன் மேம்படும்" என்று எழுதியிருக்கிறது. முன்னேற்றத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

அது இலக்கு இல்லை சார், வாழ்த்து. இன்று எங்கே நிற்கிறான், வருடக் கடைசியில் எங்கே நிற்க வேண்டும் என்று இரண்டும் எழுதியிருந்தால்தான் இலக்கு.

1968-ல் கிரெசுக், ஷெர்மன் என்ற இருவர் மனநல சேவைக்காக ஓர் அளவுகோல் கொடுத்தார்கள். −2 முதல் +2 வரை ஐந்து படி, எதிர்பார்க்கும் நிலை 0. தண்ணீர் வேண்டுமென்றால் இப்போது அழுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அது −2. யாராவது கையை நகர்த்திவிட்டால், அழாமல் தண்ணீர்ப் படத்தை எடுத்துக் கொடுத்துக் கேட்கிறான், −1. பத்துத் தடவையில் ஆறு தடவை தானாகவே கொடுத்தால் 0. வேறு வகுப்பில் வேறு ஆளிடமும் கொடுத்தால் +1. படம் இல்லாமலே கேட்டால் +2. தேர்வுத்தாளில் இவனுக்கு வருடா வருடம் பூஜ்யம்தான். இந்தத் தாளில் அவன் ஏறியது தெரியும்.

ஒரு எச்சரிக்கை: ஐந்து படியும் வருட ஆரம்பத்திலேயே தேதி போட்டு எழுதப்பட வேண்டும். கடைசியில் உட்கார்ந்து எழுதினால் எல்லோருக்கும் +2 வந்துவிடும்.

இன்னோர் அம்மா: தேர்ச்சி 0 சதவீதம். மோசமான பள்ளியா?

எத்தனை பேர் எழுதினார்கள்? முதல் பதிலைப் படியுங்கள்.

புது சிறப்பாசிரியர்: சேர்க்கை 46-லிருந்து 38 ஆகிவிட்டது. மூடிவிடுவார்களோ என்று பயம்.

எட்டுப் பேர் எங்கே போனார்கள் என்று பிரித்துப் பாருங்கள். வயது முடிந்தவர், குடும்பத்தோடு இடம் மாறியவர், பொதுப் பள்ளிக்குப் போனவர், சொல்லாமல் நின்றுபோனவர். கடைசி வகையில் மூன்று பேர் இருந்தாலே நான் பயப்படுவேன்.

ஒரு சமூக ஆர்வலர்: மூடட்டுமே! சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் பொதுப் பள்ளியிலேயே படிக்க வேண்டும் என்ற 1994 சலமாங்கா பிரகடனத்தை 92 அரசுகள் ஏற்று முப்பது வருடம் ஆகிவிட்டது. தனிப் பள்ளி என்பதே ஒதுக்கிவைப்பது.

கடைசி பெஞ்சின் அம்மா: பொதுப் பள்ளியில் என் பையன் இரண்டு வருடம் கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தான். அதற்குப் பெயர் என்ன?

ஆர்வலர்: அது அந்தப் பள்ளியின் தவறு, கொள்கையின் தவறு இல்லை.

அம்மா: கொள்கையா வந்து அவன் டயப்பரை மாற்றும்?

சரி, இருவரும் கொஞ்சம் நில்லுங்கள். ஆர்வலர் சொல்வது சரி. 2006-ன் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கை, 24-வது பிரிவும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அதே பிரிவு வேண்டிய ஆதரவையும் கொடுக்கச் சொல்கிறது. பாதியை மட்டும் படித்துவிட்டுப் பள்ளியை மூடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை பொதுப் பள்ளிக்குப் போகும்போது உதவியாளரும் பேச்சுப் பயிற்சியாளரும் கூடவே போகட்டும். அதன் பிறகு என் பழைய வகுப்பறையை நானே பூட்டுகிறேன். தேர்ச்சி விகிதம் கெட்டுவிடும் என்று பொதுப் பள்ளிகள் தள்ளிவிட்ட பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். அவர்கள் வந்ததால் எங்கள் சேர்க்கை கூடியதே, அதை நான் வளர்ச்சி என்று எழுத மாட்டேன்.

வேறோர் அம்மா: வலிப்பு மருந்தை நிறுத்தினால் படிப்பில் கவனம் கூடுமா?

மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை நிறுத்தாதீர்கள்.

ஓர் அப்பா: எங்கள் பள்ளியில் 100 சதவீதம் டீச்சர்!

எத்தனை பேர் எழுதினார்கள்?

அப்பா: என் மகள் மட்டும்.

அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.